நாலுதட்டு

ஓட்டலில் பகல் கூட்டம் ஏறியிருந்தது. அடுக்களை ஜன்னலில் மூன்று தட்டுகள் ஆவி பறக்கக் காத்திருந்தன. ஒவ்வொன்றும் முறம் அகலம். சப்ளையர் நாலுதட்டு இடது தோளைச் சுழற்றிப் பார்த்தார். சொடக்கு விழுந்தது.

அந்தப் பெயர் வந்து இருபது வருஷம். அன்றைய தட்டு சின்னது. சாப்பிட வந்தவர்கள் அதிலேயே வயிறு நிறைந்து எழுந்து போனார்கள். முழங்கைவரை நாலு தட்டை அடுக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே மீன் மாதிரி நழுவி வருவார். எதிரே புதுக் கடை வந்ததும் முதலாளி தட்டை மாற்றினார். எதிர்க்கடைக்காரன் பெரிதாக்க, இவர் அதைவிடப் பெரிதாக்க, இப்போது ஓடுவது மூன்றாவது அளவு.

போன வாரம் அவர் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்து உடைந்தது. இன்னொன்று உடைந்தால் பாத்திரம் கழுவப் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். அங்கே டிப்ஸ் கிடையாது. வீட்டு வாடகையே டிப்ஸில்தான் ஓடுகிறது.

"ரெண்டு நடையா எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றான் சமையல்காரன்.

"ரெண்டு நடை போனா சூப்பர்வைசர் வாட்ச்சப் பாக்கறான்டா. பேரு நாலுதட்டு, தூக்கறது ரெண்டான்னு கேலி வேற."

மூன்றையும் எடுத்தார். ஜன்னலோர மேசையில் மூன்று பேர். முதல் தட்டை வைத்தார். இரண்டாவதை வைக்கக் குனிந்தபோது தோள் தளர்ந்தது. மூன்றாவது தரையில் சிதறியது.

"பரவால்ல, விடுங்க பெரியவரே," என்றார் சாப்பிட வந்தவர். "இந்த ரெண்டே எங்க மூணு பேருக்கும் தாராளம்."

சூப்பர்வைசர் சிரித்த முகமாக வந்து மன்னிப்புக் கேட்டு, வேறு தட்டு கொண்டுவரச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க உள்ள போங்கண்ணே."

கழுவுமிடத்தில் தொட்டி பழைய தட்டின் அளவுக்குக் கட்டியது. தட்டு பாதிதான் முங்கியது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலோர மேசையின் தட்டுகள் வந்தன. மூன்றிலும் பாதிச் சோறும் இறைச்சியும் கிடந்தன. வழித்து டிரம்மில் தள்ளினார். வேலைக்காரர்கள் யாரும் கை வைத்துவிடாதபடி மேலே பினாயில் ஊற்றவேண்டும் என்பது கடை விதி. ஊற்றினார்.

நாலு மணிக்கு வேலைக்காரர்களின் சாப்பாடு. அதற்கு இன்றும் பழைய தட்டும் பழைய கரண்டியும்தான். சமையல்காரன் நாலு தட்டு எடுத்து, தட்டுக்கு ஒரு கரண்டி சோறு வைத்தான். நாலுதட்டு நாலையும் முழங்கைவரை அடுக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடந்தார்.

கை ஆடவேயில்லை.