தீட்டில்லாதவன்

எருத்தேன்பதித் தோட்டத்துக் கிணற்றடியில் மொட்டையடிக்க உட்கார்ந்தவர்களின் வரிசையில், அருள்குமாரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் மாற்றாந்தாய் மகன் பூபதிராஜாவும் சித்தப்பா மகன்கள் இருவரும். வாசலில் அப்பா குப்பண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். சேதி கேட்டுப் போடிமெட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக மாறி வந்திருந்தான்.

சித்தப்பா நல்லமுத்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

"கண்ணு, நீ எந்திரி சாமி. உனக்கு வேண்டாம்."

"ஏன் சித்தப்பா? நாந்தான மூத்தவன்?"

"ஆரு இல்லீன்னா? உனக்குத் தீட்டில்லப்பா. கொலதெய்வக் கோயில்ல உனக்கு முடியெறக்கல. நாளைக்குப் பங்காளிக என்னையத்தான் கேப்பானுக."

"இன்னிக்கே எறக்கிருங்க."

"எழவூட்லயா? அது நல்ல காரியமடா கண்ணு."

ஏலக்காய் வாங்க மலைக்குப் போன குப்பண்ணன், தோட்டத்தில் காயெடுத்த சிசிலியைக் கூட்டிவந்ததும், பிள்ளை நடக்கும் முன்பே இருவரும் பிரிந்ததும் ஊரறிந்த கதை. பிறகு பள்ளிக்கூட நாளெல்லாம் இங்கே, லீவெல்லாம் அங்கே. பிரியும்போது இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். "ஒங்க கோயில்ல அவனுக்கு மொட்ட போடக்கூடாது" என்றாள் அவள். "உங்க கோயில்ல அவனுக்குத் தண்ணி ஊத்தக்கூடாது" என்றார் அவர். பெரியவனானதும் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று பேச்சு. இரண்டு பேருமே வாக்குத் தவறவில்லை.

மலைக்குப் போனால் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பையன்கள், "ஏலே, கவுண்டரு வந்துட்டாருடா, பாய விரிங்க!" என்பார்கள். இங்கே வந்தால், "மலைக்காட்டான், அட்டை கடிச்சுதாடா?" போன வருஷம் அம்மாவை அடக்கம் செய்தபோது சர்ச்சில் ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளை நயமாகத்தான் சொன்னார். "தம்பி கொஞ்சம் பின்னால நில்லுங்க. ஞானஸ்நானம் வாங்குன ஆள் யாராச்சும் சிலுவையப் பிடிக்கட்டும்." அவன் பின்னால் நின்றான். சரி, நமக்கு அப்பா பக்கம் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

இப்போது எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாள் தட்டில் இட்லி கொண்டுவந்தாள். மாங்காய் திருடியதற்கு ஒருநாள் அவனை விளக்குமாற்றோடு துரத்தியவள்.

"சாப்புடுங்க. பொணம் எடுக்கற வரைக்கும் தீட்டுக்காரங்கதான் சாப்புடக் கூடாது. உங்களுக்கு என்னங்க?"

போடா வாடா என்றே கூப்பிட்ட வாய். அவனுக்குப் பசித்தது. தின்றான்.

சுடுகாடு போய்த் திரும்பியதும் மொட்டைத் தலைகள் மூன்றும் பந்தலடியில் வரிசையாக நின்றன. சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, துக்கம் கேட்கிற முறையாக இரண்டு கையும் நீட்டி, அவர்கள் கையைத் தொட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அருள்குமார் போய் மூன்றாவது தலைக்கு அடுத்து நின்று பார்த்தான். வந்தவர்கள் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, அவனைத் தாண்டிச் செருப்பைத் தேடிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்றார்.

"ஏனுங்க, நீங்க எந்தூருங்க?"

"போடிமெட்டுங்க."

"அத்தாந் தூரத்துலருந்தா! கவுண்டரு உங்களுக்கு என்ன வேணுங்க?"

"பழக்கமுங்க."

"மவராசன். கை குடுத்துட்டீங்களா? அப்பறம் பஸ்ஸில்லீங்க."

பெரியவரே அவனைக் கை கொடுக்க வந்தவர்கள் வரிசையின் கடைசிக்குக் கூட்டிப்போய் விட்டார். அவன் பின்னால் இன்னும் சிலர் வந்து சேர, வரிசை நகர்ந்தது. பூபதிராஜாவின் முன்னால் வந்ததும் அருள்குமார் இரண்டு கைகளையும் நீட்டினான். தம்பியின் கைகள், எல்லோருக்கும் நீண்டதுபோலவே, சில்லென்று வந்து தொட்டன. அதற்குள் பூபதிராஜாவின் கண் அடுத்து நின்றவரிடம் போயிருந்தது.