கடைசி வார்த்தைக்கு மூன்று சாட்சிகள்

துக்கத்துக்கு வந்த ஏழாவது ஆளிடம் அப்பாவின் கடைசி நிமிஷத்தைச் சொல்லும்போது அண்ணன் அவர் கையைப் பிடித்திருந்தான். இரண்டாவது ஆளுக்குச் சொன்னதில் கதவருகில் நின்றிருந்தான். நான்காவது ஆளுக்குக் கட்டில்வரை வந்துவிட்டான்.

"மேல பாத்து, தெளிவா 'ஆமென்'னாருங்க. அவ்வளவுதான். முகத்துல அப்படி ஒரு ஒளி!"

ஒளி புதுசு. ஆறாவது ஆளுக்கு அது கிடைக்கவில்லை.

சவப்பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து அடுக்களைக்குப் போனாள். நேற்று மதியம் அப்பா போன நேரத்தில் மருந்துக்கடை வரிசையில் நின்றவள் அவள் ஒருத்திதான். வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்.

அப்பா நாற்பது வருடம் வேதப்புத்தக அச்சகத்தில் புரூஃப் திருத்தியவர். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை. நாலு சுவிசேஷங்களின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் எது எங்கே மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பதினோரு நோட்டு நிரப்பியிருந்தார். எழுதினவன் பார்த்தானா, கேட்டானா, கேட்டவனைக் கேட்டானா? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவருக்கு இது எதுக்கு என்று போதகர் கேட்டபோது, "நம்புறவனுக்குத்தானே ஐயா பிழை வலிக்கும்" என்றார்.

மகள் பிறந்தபோது புள்ளிக்கு வால் முளைத்ததுபோல் சுருண்டு கிடந்ததைப் பார்த்து 'கமா' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். முப்பத்தாறு வயதிலும் அவள் கமாதான், பதின்மூன்று நாள் முன்புவரை. அன்று கஞ்சிக் கரண்டியோடு அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கத்திவிட்டாள்.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரு என்ன சொன்னாங்கன்னு தேடுறீங்களே, நான் சொல்றது காதுல விழுதாப்பா?"

விழுந்துவிட்டது. அதிலிருந்து அவள் 'மேடம்' ஆனாள். "மேடம், தண்ணி." "மேடம், லைட்டை அணைங்க." கடைசியாக, "மேடம், மருந்துக்கு அவசரமில்ல."

"அண்ணி, அப்பா என்னதான் சொன்னாரு?" அடுக்களையில் தங்கை கேட்டாள்.

"ஆமான்னாரு" என்றாள் அண்ணி, டம்ளர்களைக் கழுவிக்கொண்டே. "தலகாணியை உயர்த்தட்டுமா மாமான்னு கேட்டேன். ஆமான்னாரு. உங்க அண்ணன் வெளிய போன்ல இருந்தாரு. வந்து, 'ஆமாவா, ஆமெனா? நல்லா யோசி'ன்னாரு. யோசிச்சேன்."

ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துப்போக, நேற்று அப்பாவோடு இருந்த நர்ஸ் வந்திருந்தாள். தங்கை அவளை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"'அம்மா'ன்னாரும்மா. கடைசில எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும் சொல்லுவாங்களா, அவர் சொன்னாரா?"

நர்ஸ் குழாயைச் சுற்றுவதை நிறுத்தினாள். "'மா' நல்லா கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி என்னமோ... மாஸ்க் இருந்துச்சே."

"முன்னாடி 'க' மாதிரி இருந்துச்சா?" தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "யோசிச்சுச் சொல்லுங்கக்கா. 'க' தானே? லேசாவாவது?"

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நீங்க சொன்னா... இருக்கலாம்மா. 'க'ன்னே வெச்சுக்குங்களேன்" என்றாள்.

தங்கை கையை விட்டுவிட்டாள்.

அலமாரியில் பதினோரு நோட்டுகள். முதல் நோட்டின் உள்அட்டையில் அப்பா தனக்கே எழுதிவைத்திருந்த இரண்டு விதிகள் அவளுக்கு மனப்பாடம். தெரியாத வார்த்தையை நகல் எடுப்பவன் தெரிந்த வார்த்தையாக மாற்றிவிடுவான். ஆகவே வழுவழுப்பாக இருப்பதை நம்பாதே. இதுவரை விதி அவள் கட்சி. அடுத்த வரி: எந்தப் பிரதியிலும் இல்லாததை உன் ஆசைக்காகச் சேர்க்காதே.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான். கையில் அஞ்சலி நோட்டீஸின் புரூஃப்.

"அச்சகத்து ஆள் வாசல்ல நிக்கிறான். சட்டுனு பாத்துக் குடு. உனக்குத்தான் அப்பா கண்ணு."

"நீ ரூமுக்குள்ளயே இல்லையாமே அண்ணா."

"உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பாரு." அவனும் அழுதிருந்தான். எட்டாவது ஆள் வந்த சத்தம் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

நோட்டீஸின் கடைசி வரி: 'ஆமென்' என உரைத்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அப்பாவின் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியின் முதல் மூன்று வார்த்தைகளையும் அடித்தாள். அடித்த இடத்தின் மேல் பேனா நின்றது. 'ஆமா' எழுதவில்லை. 'அம்மா' எழுதவில்லை. இன்னொன்றை எழுத முனை தாளைத் தொட்டது, எடுத்துவிட்டாள்.

வெளியே அச்சகத்து ஆள் சைக்கிள் மணியை அடித்தான்.

வாக்கியத்தின் கடைசியில், முற்றுப்புள்ளிக்குக் கீழே, சின்னதாக ஒரு வால் இழுத்தாள். மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள்.