அண்ணி வாபஸ் வாங்கிய உயிர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியிடமிருந்து எடுத்தது. எழுதப் போகிறேன் என்றதும், "எழுதுங்க தம்பி. ஆனா என்னை அழ வெச்சுடாதீங்க, நான் அழல" என்றார். எனவே முதல் வரைவிலிருந்த குளியலறையில் அழும் காட்சி போயிற்று.

2

தொடக்கம்: "எல்லையற்ற அண்டத்தின் பேரமைதியில்—"

(வேண்டாம். அண்ணியின் ஆய்வறையில் ஏசி லாரி மாதிரி உறுமும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கோ இருக்கும் நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடுவது அண்ணியின் வேலை. கிரகம் குறுக்கே கடக்கும்போது நட்சத்திர ஒளி இம்மியளவு மங்கும். கிரகத்துக் காற்றில் என்ன இருக்கிறதென்று அந்த ஒளியே காட்டிக்கொடுக்கும். அப்படி ஒரு கிரகத்தில், பூமியில் உயிர்கள் மட்டுமே வெளிவிடும் ஒரு வாயுவின் தடயத்தை அண்ணியின் குழு கண்டது. ஆய்வுக்கூடம் தலைகால் புரியாமல் ஆடியது. இயக்குநர் நிருபர்களை அழைத்தார். அண்ணன் கேக்குக்குச் சொல்லிவிட்டான்.

3

அறிவிப்புக்கு முந்தின நாள், யாரும் சொல்லாமலே, அண்ணி ஒரு காரியம் செய்தார். கிரகமே இல்லாத வேறொரு நட்சத்திரத்தின் ஒளியை அதே கருவி பதிவு செய்திருந்தது; அதை எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே தடயம். அப்படியானால் அது வாயு அல்ல, கருவியின் கோளாறு.

"யாருமே கேக்கலையேம்மா, நீ ஏன் போய்த் தோண்டின?" என்றார் இயக்குநர்.

"கேக்கறதுக்கு முன்னாடி நாமளே கேட்டுக்கணுமே சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்ப மேடையில நீயே சொல்லிடு" என்றார்.

(இங்கே எனக்கே சந்தேகம். இவ்வளவு நேர்மையை வாசகர் நம்புவாரா? அண்ணியிடமே கேட்டேன்: "மறைச்சிடலாம்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?" "தோணுச்சே! மத்தியானம் முழுக்கத் தோணுச்சு. சோறே இறங்கல." நிம்மதியாக மேலே எழுதினேன்.)

4

மேடையில் அண்ணி எங்கே தவறினோம் என்று படம் போட்டு விளக்கினார். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்ப அங்க உயிர் இல்லையா?" என்றார் ஒரு நிருபர்.

"தெரியல. நேத்து தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு, தெரியலைங்கறது தெளிவாத் தெரியுது."

பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஆனால் பல வருடமாக அண்ணியோடு போட்டி போடும் இன்னொரு குழுவின் தலைவி பின்வரிசையிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கருவியையும் இப்படிப் பாத்துடறோம்."

வீட்டில் அண்ணன் தயங்கித் தயங்கி, "கேக்கை என்ன பண்றது?" என்றான்.

"வெட்டுங்க. கிரகம் அங்கேயேதானே இருக்கு, ஓடியா போச்சு?"

5

கருவியைச் சரிசெய்து, அதே நட்சத்திரத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அவசரப்பட்டு, தடயம் திரும்ப வந்ததாக ஒரு முடிவு எழுதினேன். அண்ணி படித்தார். "நடக்கலாம் தம்பி. ஆனா நடந்துட்டதா எழுதாதீங்க." ஒன்றுமே வரவில்லை என்று இன்னொன்று எழுதினேன். அதற்கும் அதே பதில்.

இரண்டையும் நான் கிழிக்கவில்லை. பிடித்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி கேட்டால் மட்டும், நான் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதீர்கள்.