பாதைக்கு அந்தப் பக்கத்துத் திராட்சை

1

இந்தக் கதை எனக்கு ஒரு விருந்தில், வாய் நிறைய இறைச்சி இருந்தபோது கிடைத்தது. அதனால்தான் அப்போது என்னால் பேச முடியவில்லை என்று இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். உங்களிடமும் முதலில் அதையே சொல்லிவைக்கிறேன். நம்புவதும் நம்பாததும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு காகிதங்களைக் கிழித்தாயிற்று.

செந்த் எமிலியோன் குன்றின்மேல் அன்று காலைச் சூரியன்—

வேண்டாம். சூரியனை வைத்து ஆரம்பிக்கிற கதையை நானே படிப்பதில்லை.

ஒரு தப்பும் செய்யாத ஒதீல் என்பவள்—

இதுவும் வேண்டாம். அவள் செய்தது தப்பா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். போன அறுவடையில் ஒதீல் என்ற பெண் ஒரு பாதையைத் தாண்டித் திராட்சை பறித்துவந்து தன் வீட்டுப் பெரிய தொட்டியில் கொட்டினாள். திருடவில்லை. அது அவர்கள் வாங்கிய தோட்டம். இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்களும் ஒதீலும் ஒரே கட்சி.

2

(இந்தப் பகுதியில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. தாண்டிப் போகாதீர்கள். தாண்டினால் பின்னால் எல்லோரும் ஏன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள் என்பது புரியாது.)

பிரான்சில், எங்கள் போர்தோவில், ஒயினுக்குச் சாதி உண்டு. தரவரிசை என்று மரியாதையாகச் சொல்வார்கள். காரைக்காலில் பிறந்து, லிபூர்னில் ஓர் அச்சகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பது வருஷமாக ஒயின் லேபிள் அச்சடிக்கிறவள் நான். சாதியைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

ஆனால் ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு நியாயம், இந்தக் கரையில் ஒரு நியாயம். அந்தக் கரை மெதோக். அங்கே ஒரு பேரரசர் காலத்தில் போட்ட பட்டியல் இன்றும் அநேகமாக அப்படியே நிற்கிறது. அங்கே தரம் ஒயின் செய்கிற வீட்டின் பெயருக்கு. பக்கத்துத் தோட்டத்தை வாங்கி உன் பெயரில் சேர்த்தால், அந்த மண்ணும் அன்றைக்கே உயர்குலம். மருமகள் புகுந்த வீட்டுப் பெயரை வாங்கிக்கொள்வதைப் போலத்தான்.

இந்தக் கரை செந்த் எமிலியோன். இங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதிதாகப் போடுகிறார்கள். தோட்டம் தோட்டமாக, துண்டு துண்டாகப் பார்த்து, இந்த மண் சேர்ந்தது, இந்த மண் சேராதது என்று கோடு கிழிக்கிறார்கள். சேராத மண்ணின் பழம் சேர்ந்த மண்ணின் தொட்டியில் விழுந்தால், அந்தத் தொட்டி முழுவதும் தரம் இழக்கும். லேபிளில் ‘க்ளாஸே’, அதாவது தரம் பெற்றது, என்ற சொல்லைப் போடக் கூடாது. போட்டுப் பிடிபட்டால் அடுத்த பட்டியலில் வீட்டின் பெயரே இருக்காது.

ஒதீல் மெதோக்கில் பிறந்தவள். நாற்பது வயதுக்கு மேல் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். கணவன் பெயர் ரெழிஸ். வீட்டின் பெயர் ஷாத்தோ கோம்ப்-ரோந்த். (அப்படி ஒரு வீடு கிடையாது, தேடாதீர்கள். பெயரை நான்தான் வைத்தேன்.)

பாதைக்கு அந்தப் பக்கம் நதேழ் என்ற பக்கத்து வீட்டுக்காரியின் தோட்டம். ஒரு டிராக்டர் போகிற அகலம்தான் பாதை. இரு பக்கமும் அதே களிமண், அதே சுண்ணாம்புப் பாறை, அதே மெர்லோ வகைத் திராட்சைக் கொடி. பாதைக்கு இந்தப் பக்கம் தரம் பெற்றது, அந்தப் பக்கம் பெறாதது. நதேழுக்கு முட்டி தேய்ந்துபோனதால் வசந்தத்தில் அதை ரெழிஸுக்கு விற்றாள்.

அறுவடைக்கு முந்தின வாரம் ரெழிஸ் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

3

இங்கே என் கணவர் குறுக்கிட்டார். கையெழுத்துப் பிரதியை மேசையில் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன். ஒரு மெதோக்குக்காரிக்கு இது கூடத் தெரியாமலா இருக்கும், யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. ஒதீல் என்கிற பாத்திரத்தையே மாற்றி, அவளை ஒரு வெளிநாட்டுக்காரியாக ஆக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு யோசிக்க யோசிக்க எனக்கே உறைத்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. புது மருமகள் எந்த வீட்டில் எதைச் செய்தாலும் தப்பாகப் போவது இதனால்தான். சொல்லித் தராத விதிகளில்தான் அவள் தடுக்கி விழுகிறாள்.

நடந்தது இதுதான். மருத்துவமனையில் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்த ரெழிஸ் தினமும் போனில் கேட்டான். பழம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒதீல் சொன்னாள். நல்லதையெல்லாம் பெரிய தொட்டியில் போடு என்றான். பாதைக்கு அந்தப் பக்கத்துப் பழம்தான் அந்த வருஷம் எல்லாவற்றிலும் நல்லது. போட்டாள். அவளுடைய அப்பா அந்தக் கரையில் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் செய்தார்.

கிடங்கில் வேலை செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். முதலாளி ஏதோ அனுமதி வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

(முதல் வரைவில் மாயிலிஸ் என்று ஓர் ஒயின் நிபுணர் இருந்தாள். கோட்டு போட்டுக்கொண்டு வந்து எல்லாவற்றையும் விளக்குவாள். வெட்டிவிட்டேன். விளக்கம் நான் மேலே கொடுத்தாயிற்று. அவளுக்குச் சம்பளம் வீண்.)

4

இப்போது விருந்து.

அறுவடை முடிந்தால் பறித்தவர்கள், அண்டை அயலார், பீப்பாய்க்காரர், லேபிள்காரி என எல்லோருக்கும் கொட்டகையில் நீளமாக மேசை போட்டுச் சாப்பாடு. வெட்டிய திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் மாட்டிறைச்சி வாட்டுவார்கள். அதற்கு முன் சூப். கிண்ணத்தின் அடியில் மிச்சமிருக்கும் சூப்பில் ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ரெழிஸ் ஊன்றுகோலோடு மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தான். எதிரில் நதேழ், நல்ல சட்டை போட்டுக்கொண்டு. நான் அவளுக்கு அடுத்து.

ஒதீல் எழுந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு கோப்பையை நதேழ் பக்கம் உயர்த்தினாள்.

“நதேழ், ஒங்க தோட்டத்துப் பழம்தான் இந்த வருஷம் பெரிய தொட்டிக்கே உயிரு. முழுசா அதுலதான் போட்டிருக்கேன். இனிமே அதுவும் எங்க வீட்டுப் பேருதான்.”

கைதட்டல் வரும் என்று நின்றாள்.

முள்கரண்டிகள் கீழே இறங்கின. ஒவ்வொன்றாக இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில். தணலில் கொழுப்பு சொட்டிப் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. ரெழிஸின் முகத்தில் இரத்தமே இல்லை. நதேழ் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டியில் அந்த வீட்டின் வருஷம் முழுவதும் இருந்தது. அதைப் பிரித்தெடுக்க அன்னப்பறவைதான் வர வேண்டும்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அதுவல்ல. அதற்கு அடுத்தது.

பீப்பாய்க்காரர், “அந்த ரொட்டிய இப்பிடித் தள்ளுங்க,” என்றார்.

ரொட்டி நகர்ந்தது. முள்கரண்டிகள் மறுபடி மேலே வந்தன. யாரோ மழையைப் பற்றி ஆரம்பித்தார், இன்னொருவர் கால்பந்து என்றார். மேசை முழுவதும் பழையபடி சாப்பிட ஆரம்பித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்று ஊர் வாய் தானாக மூடிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு பாடினார்கள். மற்ற வருஷங்களைவிடச் சத்தமாகவே பாடினார்கள்.

நின்றுகொண்டிருந்த ஒதீல் கோப்பையோடு மெதுவாக உட்கார்ந்தாள்.

5

(அடுத்த நாள் காலை, தொட்டி அறை. நான் அங்கே இல்லை. பாதி ஒதீல் சொன்னது, பாதி என் சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.)

ரெழிஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். ஒதீல் தொட்டியின் இரும்பில் கையை வைத்தபடி நின்றாள். உள்ளே ஒயின் இன்னும் நொதித்துச் சூடாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல?”

“இதப் போய் யாராவது சொல்லுவாங்களா? அடுப்பு சுடும்னு ஒனக்கு யாராவது சொல்லித் தந்தாங்களா?”

“எங்க ஊருல இந்த அடுப்பு சுடாது, ரெழிஸ்.”

அவன் குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்தான். வாயில் வைத்துச் சுழற்றினான். சுவை பார்த்துவிட்டுத் துப்ப வேண்டியதை விழுங்கினான். இன்னொரு வாய் குடித்தான். அப்புறம் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு அழுதான்.

“எங்கப்பா காலத்துல கூட இப்பிடி வந்ததில்லடி.”

அழுது முடித்ததும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், விட்டுவிடு என்றான். தாத்தா வாங்கிய தரம் தன் காலத்தில் போகக் கூடாது என்றான். சொன்னால் இந்த ஒரு வருஷம் போகும், அதோடு அடுத்த பட்டியலில் நம்மை உரித்துப் பார்ப்பார்கள். மறைத்தால் எதுவும் போகாது, அவ்வளவுதானே என்று கேட்டான்.

அவ்வளவுதான் என்று ஒதீலும் அன்று நினைத்தாள்.

6

அன்று முதல் ஊரே அவளிடம் அன்பாகிவிட்டது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

இரண்டு வருஷமாக அவளை ‘அக்கரைக்காரி’ என்றே சொல்லிவந்தவர்கள் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். பீப்பாய்க்காரர் தன் மகனை அந்த வீட்டுக் கிடங்கில் வேலைக்கு வைக்க முடியுமா என்று விசாரித்தார். ஒருவர் டிராக்டர் கேட்டார். இன்னொருவர் எல்லைக் கல்லைக் கொஞ்சம் தள்ளி நடுவதைப் பற்றிப் பேசலாமா என்றார். யாரும் மிரட்டவில்லை. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: “நமக்குள்ள என்ன இருக்கு?”

அதைக் கேட்கும்போதெல்லாம் குளிர்கிறது என்று ஒதீல் என்னிடம் சொன்னாள்.

அவள் நதேழிடம் போனாள். உண்மையைச் சொல்லி, லேபிளில் ‘க்ளாஸே’ என்ற அந்த ஒரு சொல் இல்லாமல் ஒயினை விற்றுவிடப் போகிறேன் என்றாள். நதேழ் நிம்மதிப்படுவாள் என்று எதிர்பார்த்திருக்கிறாள், பாவம்.

“என்னன்னு சொல்லுவே? நதேழோட மண்ணு விழுந்து எங்க ஒயினு தீட்டாயிருச்சுன்னா?” என்று நதேழ் கேட்டாள். “மறைச்சீங்கன்னா என் மண்ணு திருட்டுத்தனமா ஒசந்தது. சொன்னீங்கன்னா என் மண்ணால ஒங்க வீடு எறங்குச்சு. ரெண்டுலயும் செருப்படி எனக்குத்தான். குடிச்சுப் பாத்தீங்கள்ல? அத மட்டும் யாரும் சத்தமா சொல்ல மாட்டேங்கிறீங்க.”

(இந்த இடத்தில் ஒதீல் பதிலுக்கு என்ன சொன்னாள் என்று ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் பொய்யாக வந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.)

7

முடிவுகள்.

முதல் முடிவு: ஒதீல் அறிவித்துவிடுகிறாள். ரெழிஸ் அவளோடு பேசுவதை நிறுத்துகிறான். ஊர் அவளை மறுபடி அக்கரைக்காரி ஆக்குகிறது. இது நல்ல முடிவு, ஆனால் நதேழை என்ன செய்வது?

இரண்டாம் முடிவு: மறைக்கிறாள். ஒயின் பரிசு வாங்குகிறது. மேடையில் ரெழிஸ் தன் தாத்தாவின் மண்ணுக்கு நன்றி சொல்கிறான். கீழே நதேழ் கைதட்டுகிறா—

இல்லை. இதை என்னால் எழுத முடியாது.

மூன்றாம் முடிவு: புதுப் பட்டியலில் பாதைக்கு அந்தப் பக்கத்து மண்ணும் சேர்ந்துவிடுகிறது. எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி முடிக்கிறவர்களுக்கு நரகத்தில் தனி அறை உண்டு.

8

நேற்று ஒதீலே அச்சகத்துக்கு வந்தாள். ஒயின் இன்னும் பீப்பாயில்தான் இருக்கிறது, பாட்டிலுக்குப் போக ஒரு கோடை பாக்கி. ஆனாலும் லேபிளுக்கு மாதிரி எடுத்துக் காட்டச் சொன்னாள். ‘க்ளாஸே’ என்ற சொல்லோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தச் சொல் இல்லாத லேபிள்தான் பார்க்க அழகாக இருந்தது. கண்ணுக்கு இடம் இருந்தது.

பிறகு என் மேசையில் கிடந்த இந்தக் காகிதங்களைப் பார்த்தாள். இது என்ன மொழி, என்ன விஷயம் என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“நீங்களும் அன்னைக்கு அந்த மேசையில இருந்தீங்கல்ல?” என்றாள்.

வாய் நிறைய இறைச்சி இருந்தது என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. உண்மையில், அவள் எழுந்து நின்றபோது என் வாயில் ஒன்றும் இல்லை. ரொட்டியை நகர்த்தச் சொன்னார்களே, அது என் முன்னால்தான் இருந்தது. நகர்த்தியது நான்.

ஒதீல் கையுறையை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

“எழுதுங்க. அந்த மேசையில நாப்பது பேரு இருந்தாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒங்க மொழியிலயாவது யாராவது தொறக்குறாங்களான்னு பாப்போம்.”

இரண்டு லேபிளையும் என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் அவற்றை எடுத்து வைக்கவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். ஒதீல் இன்னும் கோப்பையோடு நின்றுகொண்டிருக்கிறாள், இறைச்சி சூடாக இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் ரொட்டி கேட்கிறார்.