எண்பத்திரண்டு டிகிரி

எண்பத்திரண்டு... மறுபடியும் எண்பத்திரண்டுதான், அசைய மாட்டேன் என்கிறது, மூன்று நாளாக ஷெட்டில் கிடந்து ஆறிப்போன இன்ஜின், கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது, இந்த வண்டிக் கம்ப்யூட்டர் மட்டும் எண்பத்திரண்டு டிகிரி சூடு என்று சத்தியம் செய்கிறது. மெக்கானிக் லேப்டாப்பை வெளிச்சத்துக்குத் திருப்பினான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் கப்பலேறி வந்த வண்டி, இப்போதைய ஸ்கேனர் எதுவும் இதற்குப் பொருந்தாது, அவனே ஒட்டுப்போட்டுச் செய்த கேபிள்தான் இதனோடு பேசும், நீல டேப் சுற்றி, நுனியை உள்பக்கம் மடித்து ஒரு சின்ன வாலாக விட்ட கேபிள், பிறகு பிரிக்கும்போது நகத்தால் சுரண்டக் கூடாதே, அது அவன் பழக்கம், மற்ற மெக்கானிக்குகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பேட்டரி, காற்று என்று எல்லா எண்ணும் துளியாவது ஆடுகிறது, சூடு மட்டும் ஆணி அடித்த மாதிரி. பிழை எதுவும் பதிவாகவில்லை என்று கீழே ஒரு வரி வேறு. பிழை இல்லையாம்! பாலத்து நெரிசலில் கொதித்து, இன்ஜினுக்குள்ளே ஹெட் கேஸ்கெட் வெந்துபோய், நடுரோட்டில் ஆவி கக்கி நின்ற வண்டிக்குப் பிழையே இல்லையாம்.

"என்ன மச்சான், என்னதான் சொல்லுது?" என்று வாசலிலிருந்து குரல், தங்கை புருஷன், கையில் டீ கிளாஸ், ஏதோ கச்சேரி கேட்க வந்தவன் மாதிரி நிற்கிறான். "நானே சொல்லவா? சூடு காட்டுற முள்ளு ஏறுறதைப் பாக்காம ஓட்டினா எந்த இன்ஜினும் வேகத்தான் செய்யும். உங்க தங்கச்சிக்கு ரோட்டைப் பாக்கவே கண்ணு பத்தல, இதுல முள்ளு வேற." சிரிக்கிறான்... இந்தச் சிரிப்பை ஒரு நாள் ஸ்பேனரால் கழற்றி எடுக்க வேண்டும். டிரைவர் சீட்டில் தங்கை, சாவியைத் திருப்பிவிட்டு ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், டேஷ்போர்டு பக்கம் கண்ணை உயர்த்தவில்லை. இனிமேல் இவள் வண்டியைத் தொடக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது, விடிகாலை ஆறு மணிக்கு லேபில் இருக்க வேண்டியவள் மூன்று நாளாக இரண்டு பஸ் மாறி ஓடுகிறாள். முள்ளு நடுவுலதான் நின்னுது அண்ணா, சத்தியமா... அன்றைக்கு ரோட்டோரம் நின்று போனில் அழுதாளே, நீ என்னடா சொன்னாய்? கண்ணு எங்கடி போச்சு என்றாய். நீயும்தானே சொன்னாய். முள்ளுக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்த வண்டியில் சூடு சொல்ல ஒரே சென்சார், அது பொய் சொன்னால் முள்ளும் பொய் சொல்லும், எண்பத்திரண்டு ஓடுகிற இன்ஜினின் சாதாரணச் சூடு, அதைத் தாண்டவே இல்லை என்று நம்பி ஃபேனும் சுற்றாது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

எவனோ கை வைத்திருக்கிறான். சும்மா எந்த சென்சாரும் இப்படி ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காது, எவனோ சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏதோ ஒரு துண்டை மாட்டிக் கம்ப்யூட்டரை ஏமாற்றியிருக்கிறான். யார் செய்திருப்பார்கள், இந்த மகராஜன்தான் மச்சானிடம் போனால் நேரமாகும் என்று வழியில் எவனிடமாவது விட்டிருப்பான். இப்போதே சொல்லக் கூடாது, கையும் களவுமாகப் பிடித்து, அந்தத் துண்டை எடுத்து இவன் டீ கிளாஸுக்குள் போட வேண்டும், குடி மாப்பிள்ளை, நல்லாக் குடி... வேலை தெரியாதவனெல்லாம் வயரைத் தொட்டால் இப்படித்தான், அவன் கையை ஒடிக்க வேண்டும். மெக்கானிக் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தான், ரேடியேட்டர் குழாய்க்குப் பின்னால், சென்சார் வயரை விரலாலேயே தடவிக்கொண்டு போனான், இதோ ஒரு புடைப்பு, டேப் சுற்றியிருக்கிறது, எண்ணெய் அழுக்கு, பிரித்துவிடலாம், நுனி எங்கே, நுனி... சுரண்ட வேண்டியிருக்கவில்லை. நுனி உள்பக்கம் மடித்து, சின்ன வாலாக நின்றது. அழுக்கைக் கட்டை விரலால் துடைத்தான். நீலம்.

இல்லை, இல்லை, நீல டேப் யாரிடமும் இருக்கும்... அந்த வால் யாரிடம் இருக்கும்? நாலு மாதம் முன்னால், நாளைக்குக் காலைல வெளியூர் போயே ஆகணும் மச்சான், எப்படியாவது ஓட வைங்க என்று இவன் இதே வாசலில் குதித்தானே, சென்சார் செத்துக் கிடந்தது, பார்ட் பார்சலில் வர பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் என்று, எப்போதும் ஒரே சூட்டைக் காட்டும்படி ஒரு ரெசிஸ்டரை வைத்துச் சுற்றியது யார்? பத்து நாள்தானே. சொன்னோமா, யாரிடமாவது? இவனிடம்? அவளிடம்? சொல்லியிருப்போம்... சொன்ன வாய் ஞாபகம் இல்லை. பார்சல் வந்தது ஞாபகம் இருக்கிறது, மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பிரிக்காமல். காலைல ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது அண்ணா என்று இரண்டு தடவை வந்து நின்றாளே, வண்டிக்கு உன்னைப் பிடிக்கல போல என்று சிரித்தோமே, குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்ப வைத்தால் பெட்ரோலைக் குறைத்துத்தான் விடும், எப்படி ஸ்டார்ட் ஆகும், முட்டாளே, முட்டாளே. வாலைப் பிடித்து இழுத்தான், டேப் ஒரே இழுப்பில் வந்தது, நிறக்கோடு போட்ட நெல்மணி அளவு ரெசிஸ்டர் உள்ளங்கையில் விழுந்தது.

"விடுங்க அண்ணா," சீட்டிலிருந்து தங்கை. "எத்தனை நேரம் தேடுவீங்க. நான்தான் சரியாப் பாக்கல போல. அவர் சொல்றது மாதிரி... முள்ளு ஏறியிருக்கும், எனக்குத் தெரியல."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா," என்றபடி தங்கை புருஷன் லேப்டாப் பக்கம் வந்தான். வந்தவன் நின்றான். "இது என்ன மச்சான், இவ்வளவு நேரம் எண்பத்திரண்டு, இப்போ மைனஸ் நாப்பதுன்னு காட்டுது?"

"அண்ணா!" தங்கை முதல் தடவையாக டேஷ்போர்டைப் பார்த்தாள். "இங்க முள்ளு, நடுவுல இருந்து தொப்புனு கீழ விழுந்துடுச்சு..."

ரெசிஸ்டர் போனதும் வயர் அறுந்த மாதிரிதான், கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த கடைசிக் குளிரைக் காட்டுகிறது. மெக்கானிக் நிமிர்ந்தான். ரெசிஸ்டரைக் காட்டுவதற்காக உள்ளங்கையை விரித்தான். கை காலியாக இருந்தது. சட்டைப் பைக்குள் நெல்மணி அளவில் ஏதோ லேசாக உறுத்தியது... எப்போது போட்டான், யார் போடச் சொன்னது? தங்கை வண்டிக் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.