மூட்டு நீர்

கட்டிய கணவனின் முழங்காலில் எடுத்த நீரை நானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன் என்று யார் கண்டது? லேபில் இன்றைக்கு நான் ஒருத்திதான். நேற்றிலிருந்து அவருக்கு முழங்கால் பூசணிக்காயாய் வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. கீழே டாக்டரம்மா ஊசி வைத்து நீரை உறிஞ்சும்போதுகூட மனுஷனுக்கு வாய் ஓயவில்லை.

"இதைப் பாத்து என் குட்டை உடைச்சிடாத தாயே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூரிக் அமிலப் படிகம் என்றால் பிழைத்தோம், வெறும் கவுட் வாதம், மாத்திரைக்கு அடங்கும். கிருமி என்றால் மூட்டே அரித்துப்போகும். ரத்தத்தில் ஏறினால் ஆளையே கொண்டுபோய்விடும். கடவுளே, படிகமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கண்ணை வைத்தேன்.

இருந்தது! மஞ்சளும் நீலமுமாய் மின்னும் ஊசிகள். அவற்றை விழுங்கிய வெள்ளணுக்கள், செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உப்பிக் கிடந்தன. அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்தேன்.

"டாக்டர், கவுட்தான்! ஊசி ஊசியா இருக்கு!"

"அப்பாடா. கிருமி எதுவும் இல்லையே? மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு போட்டுடவா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர், போடுங்க."

கிருமி பார்க்கச் சாயம் ஏற்றிய ஸ்லைடு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். படிகம் கண்ட சந்தோஷம் அப்படி. ரிப்போர்ட் எழுத வேண்டுமே என்று அதையும் வைத்தேன். வெள்ளணு ஒன்றுக்குள் கருநீலப் புள்ளிகள், கொத்தாக. சாயத் தூசியாக இருக்கும் என்று ஸ்லைடை நகர்த்தினேன். அங்கேயும் கொத்து. படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் குடியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பாவி, எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்களை அந்த ஸ்டீராய்டு முடக்கிப் போட்டுவிடும்.

கீழே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. படிகளில் இறங்கி ஓடினேன். "போடாதீங்க, போடாதீங்க" என்று வாய்விட்டுக் கத்தினேனா, மனதுக்குள்தானா, தெரியவில்லை.

கதவைத் தள்ளினேன். டாக்டரம்மா அவர் முழங்காலில் பஞ்சை ஒட்டிக்கொண்டிருந்தார். தட்டில் சிரிஞ்ச் காலியாகக் கிடந்தது.

அவருக்கு வாயெல்லாம் பல். "இப்பவே தேவலைடி. பயந்தாங்கொள்ளி, மூஞ்சியைப் பாரு!"

எனக்குத் தெரியட்டும் என்று காலை மெல்ல மடக்கிக் காட்டினார்.