இனி அப்டேட் வராது

டீ இடைவேளை முடிந்து மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோதுதான் பூர்ணிமா தன் போனைப் பார்த்தாள். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தது.

அந்த எண் அவள் மகள் தமிழினியின் ரத்தச் சர்க்கரை. ஒன்பதாவது படிக்கிறாள். சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை நோய். அன்றிலிருந்து இன்சுலின் ஊசி போடாமல் அவள் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. அவள் மேல்கையில் ஒட்டியிருக்கும் வில்லை சர்க்கரையை அளந்து பள்ளிப் பையிலிருக்கும் போனுக்குச் சொல்லும். அந்தப் போன் அம்மாவின் போனுக்குச் சொல்லும். ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைனுக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. நிலைமையை எடுத்துச் சொல்லி பூர்ணிமா மட்டும் அனுமதி வாங்கியிருந்தாள்.

சிக்னல் போய்விட்டு வருவது புதிதல்ல. வேறு நாளாக இருந்தால் போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். ஆனால் அன்றைக்கு வாணியம்பாடியில் பள்ளிகளுக்கிடையே த்ரோபால் போட்டி. தமிழினி முதல் முறையாக அணியில் இருந்தாள். ஓடியாடினால் அவளுக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். ஒரு தடவை தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள் கண் செருகிச் சாய்ந்ததை பூர்ணிமா நேரில் பார்த்திருக்கிறாள். அப்போது அவளை வாரித் தூக்கியபோது இருந்த கனம் இன்னும் கையில் இருந்தது.

மகளின் போனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. கூடப் போயிருந்த ஆரோக்கியமேரி டீச்சரும் எடுக்கவில்லை. புருஷன் நவநீதன் ஜோலார்பேட்டையில் தண்டவாள வேலை. எடுத்தான், ஆனால் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவள் சொன்னதை இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தான். கிரவுண்டில் சிக்னல் இருக்காது, அதற்குப் போய் ஏன் பதறுகிறாய் என்றான். மகளிடம் இருக்கும் போன் முன்பு அவன் வைத்திருந்ததுதான். தனக்குப் புதிது வாங்கியதும் அதை அவளுக்குக் கொடுத்திருந்தான்.

"ஒரு கீறல் இல்லாத போனு பூர்ணி. அதுக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் மேசைக்குத் திரும்பினாள். தைத்து வரும் ஷூ மேல்பாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, தையல் சரியா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. கை தள்ளிக்கொண்டிருந்தது; கண் ஏப்ரன் பைக்குப் போய்ப் போய் வந்தது. கோடு கோடாகவே இருந்தது. சூப்பர்வைசர் பிரேம்நாத் ஒரு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. இப்படி ஒன்றை அவள் பாஸ் செய்து அவர் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னாள். அவர் அந்த ஜோடியைத் தனியாக வைத்துவிட்டு கேட் பாஸ் எழுதினார்.

வாணியம்பாடி பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. படிக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் உள்ளே போகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். மின்னூரில் ஒரு லாரி குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. விழுந்திருந்தால் டீச்சர் கூப்பிட்டிருப்பார் என்று ஒரு மனம் சொன்னது. விழுந்த பிள்ளையைத் தூக்குவாரா, போனை எடுப்பாரா என்று இன்னொரு மனம் கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி மணி மட்டும் போனது.

மைதானத்துக்குள் ஓடியபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுகிற பெண்களில் தமிழினி இல்லை. பூர்ணிமா மைதானத்தின் ஓரங்களில் தேடினாள். பிறகுதான் வேப்பமரத்தடியில், தோழிகளின் பைகளுக்கு நடுவே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். தன் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் கண்டதும் அந்த முகம் சுருங்கியது.

"இங்க எதுக்குமா வந்த? எல்லாரும் பாக்குறாங்க."

பூர்ணிமா மகளின் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள். வியர்வை ஆறியிருந்தது. போன் எங்கே என்று கேட்டாள். பைக்குள் சத்தம் அணைக்கப்பட்டுக் கிடந்தது. சர்க்கரை அளவைக் காட்டும் ஆப்பைத் திறந்தால், இந்தப் போனில் இனி இயங்காது, போனின் மென்பொருளைப் புதுப்பிக்கவும் என்று வந்தது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், உங்கள் போன் ஏற்கெனவே புதுப்பித்த நிலையில் உள்ளது என்று வந்தது. அவள் அதையும் இதையும் மாற்றி மாற்றித் திறந்தாள்.

"அது அப்படித்தான்மா காட்டும்," என்றாள் தமிழினி. "அந்த போனுக்கு இனிமே அப்டேட் வராதாம். ஒரு மாசமா ஆப்பு சொல்லிக்கினே இருந்துச்சு. நான் 'பிறகு'ன்னு அமுக்கிக்கினே வந்தேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னிக்கு அனுப்பி இருப்பியா?"

ஆரோக்கியமேரி டீச்சர் அப்போதுதான் ஸ்கோர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். தன் போன் கைப்பையிலேயே இருந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். நடந்ததை அவர்தான் சொன்னார். முதல் செட்டின் நடுவில் தமிழினியே கையைத் தூக்கி வெளியே வந்திருக்கிறாள். உடம்பு நடுங்கியிருக்கிறது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி குத்திப் பார்த்து, பிஸ்கட் சாப்பிட்டாள். சரியாகிற வரை டீச்சர் கூடவே உட்கார்ந்திருந்தார். இனி ஆடுவதில்லை என்று முடிவெடுத்ததும் அவளேதான்.

பூர்ணிமா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பயந்த காரியம் நடந்தேவிட்டது. நடந்தபோது அவள் தையல் லைனில் ஷூவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமலே அது சரியாகியும்விட்டது. அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் மகள் மேலா, போன் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அணி தோற்றது. தமிழினி எழுந்து போய்த் தோழிகளோடு நின்றாள். அம்மாவோடு பஸ்ஸில் வர மாட்டேன், பள்ளி வேனில்தான் வருவேன் என்றாள். பூர்ணிமா தனியாகவே திரும்பினாள்.

சாயங்காலம் மூவரும் ஆம்பூர் பஜாரில் சுஹேல் அகமதின் செல்போன் கடைக்குப் போனார்கள். அவர் பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரி நன்றாக இருந்தது, திரை பளிச்சென்றிருந்தது. போனில் ஒரு குறையும் இல்லை, இந்த மாடலைக் கம்பெனி கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான் என்றார். ஆப் செய்கிறவர்களும் பழைய போன்களுக்காக ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்கள். வேறு மென்பொருளை நாமே ஏற்றிவிட முடியாதா என்று நவநீதன் கேட்டான்.

"ஏத்தலாம் அண்ணே. படம் பாக்குற போனுன்னா நானே ஏத்தித் தருவேன். இது புள்ள உசுரு சமாச்சாரம். நான் கை வைக்க மாட்டேன்."

நவநீதன் பழைய போனை வாங்கி, சட்டையில் ஒரு தடவை துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். நல்ல பொருளைச் செத்துப்போனதாக நினைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

புதுப் போன்களை சுஹேல் வரிசையாக எடுத்து வைத்தார். கேமராவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவரை பூர்ணிமா நிறுத்தினாள்.

"பாய், எதுக்கு ஜாஸ்தி வருஷம் அப்டேட் வரும்? அத மட்டும் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகத் தேடிச் சொன்னார். சிலதற்கு இரண்டு வருஷம், சிலதற்கு நாலு, ஒன்றிரண்டுக்கு அதற்கும் மேல். கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து இல்லை, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து கணக்கு என்பதையும் மறைக்காமல் சொன்னார். நீண்ட நாள் வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஒரு நாள் நிற்கும். மகளுக்கு இந்த நோய் நிற்காது.  நவநீதன் பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினான்.

வாங்கும் முன்னால் தமிழினி ஒரு நிபந்தனை போட்டாள். எண் இறங்கின உடனே அம்மா போன் அடிக்கக் கூடாது. முதலில் அவளாகப் பார்த்துக்கொள்ள விட வேண்டும். பூர்ணிமாவும் ஒன்று கேட்டாள்: போன் எதைச் சொன்னாலும் மறைக்கக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் லைனில் ஏப்ரன் பை அதிர்ந்தது. எண் இறங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு. பூர்ணிமா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு ஜோடியைப் பார்த்துத் தள்ளினாள். இன்னொன்றை எடுத்துப் பார்க்காமலேயே கையில் வைத்திருந்தாள். பிறகு கழுவுமிடத்துக்குப் போய் மகளை அழைத்துவிட்டாள்.

தமிழினி கட் செய்தாள். சற்று நேரத்தில் ஒரு செய்தி வந்தது. 'குளுக்கோஸ் குடிச்சிட்டேன். மிஸ்கிட்ட சொல்லிட்டேன். நீ ஒத்துக்கினது இது இல்ல.'

பூர்ணிமா 'சரி' என்று அனுப்பினாள். எண் இறங்குவது நின்று அம்பு நேராகிற வரை குழாயடியிலேயே நின்றாள்.